கொங்கு மண்ணில் நக்சல்பாரி: தடையின் வரலாறு பற்றிச் சில குறிப்புகள்

1

2015 மே 4 அன்று கோவை – அவிநாசி சாலையில் உள்ள கருமத்தம்பட்டியில் ஐந்து பேரைப் போலீஸ் கைது செய்தது. ரூபேஷ், அவருடைய துணைவியார் ஷைனா, அனூப், கண்ணன், வீரமணி. பேக்கரி ஒன்றில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது பிடித்தோம் என்பது அன்றைய செய்திகளில் வந்த போலீஸ் தரப்புக் கதை. ரூபேஷ் சட்டம் படித்தவர். ஷைனா கேரள உயர் நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்தவர். தடைசெய்யப்பட்ட இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி (மாவோயிஸ்ட்)யின் மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதிப் பொறுப்பாளர்கள் இவர்கள் என்றது அரசு.

இந்தச் சம்பவத்தில் பத்திரிகைகள் கவனித்தது ஆட்களை. நாம் கவனிக்க வேண்டியது இடத்தை. கருமத்தம்பட்டி காடல்ல, மலையல்ல. சோமனூரோடு சேர்ந்து விசைத்தறிச் சத்தம் இரவும் பகலும் ஓயாத ஊர். கிழக்கே கொஞ்ச தூரம் போனால் அவிநாசி, அதைத் தாண்டித் திருப்பூர். ஆயிரக்கணக்கான பவர்டேபிள் யூனிட்டுகளும் சாயப்பட்டறைகளும் உள்ள பிரதேசம். கிராமங்களைக் கொண்டு நகரத்தைச் சுற்றிவளைப்பது என்ற கோட்பாட்டை வரித்துக்கொண்ட ஒரு கட்சியின் ஆட்கள், எது கிராமம் எது நகரம் என்று பிரித்துச் சொல்லவே முடியாத ஒரு மண்ணில் பிடிபட்டார்கள். அந்தக் கட்சிக்கு இந்த மண் என்னவாக இருந்தது? வெறும் வழித்தங்கலா? அரசுக்கு இந்த மண் என்னவாக இருந்தது? இங்கே இருக்கிற லட்சக்கணக்கான பனியன் கம்பெனித் தொழிலாளிகளுக்கு இந்தக் கட்சியும் அதன் மீதான தடையும் என்னவாக இருக்கின்றன? இந்தக் கேள்விகளை ஒட்டியே இக்குறிப்புகள்.

2

முதலில் தடை. தடை என்பதை ஏதோ நேற்று வந்த சமாச்சாரம் போலப் பேசுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. இதே அவிநாசி சாலையில் கோவைக்குப் பக்கமாக இருக்கிறது சின்னியம்பாளையம். ரங்கவிலாஸ் மில் தொழிலாளர்கள் நால்வர், ராமையன், ரங்கண்ணன், வெங்கடாசலம், சின்னையன், 1946 ஜனவரி 8 அன்று கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்டனர். மில் தொழிலாளரை ஒடுக்க ஏவப்பட்ட அடியாள் ஒருவன் கொல்லப்பட்ட வழக்கு அது. வ.உ.சி. செக்கிழுத்த அதே சிறை. கருமத்தம்பட்டியில் பிடிபட்டவர்கள் அடைக்கப்பட்டதும் அதே சிறை.

இரண்டாண்டு கழித்து, 1948 முதல், சென்னை மாகாணத்தில் கம்யூனிஸ்டுகள் வேட்டையாடப்பட்டனர், கட்சி தடைசெய்யப்பட்டது. 1950 பிப்ரவரி 11 அன்று சேலம் சிறைக்குள் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 22 கம்யூனிஸ்ட் கைதிகள் இறந்தார்கள். அதே 1950-ல் வழக்கறிஞர் வி.ஜி.ராவ் பொறுப்பில் இருந்த மக்கள் கல்விச் சங்கம் என்ற அமைப்பையும் சென்னை அரசு சட்டவிரோதம் என்று அறிவித்தது. அதற்குப் பயன்பட்டது 1908-ல் வெள்ளைக்காரன் போட்ட சட்டம்தான். ராவ் வழக்குப் போட்டார். 1952 மார்ச் 31 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தடைப் பிரிவைச் செல்லாது என்றது. ஒரு சங்கத்தைச் சட்டவிரோதம் என்று அரசு தன் மனதில் பட்டபடி முடிவு செய்ய முடியாது, அந்த முடிவை நீதிமன்றம் சோதித்துப் பார்க்க வழி இருக்க வேண்டும் என்பது அத்தீர்ப்பின் சாரம். குடியரசின் தொடக்கத்திலேயே தடை பற்றி எழுந்த பெரிய வழக்கு நம்மூர் வழக்கு என்பதை நாம் மறந்துபோனோம்.

இன்னொன்றும் இங்கே கவனிக்கத்தக்கது. அன்று தடைசெய்யப்பட்ட கட்சியைச் சேர்ந்தவரே 2019-லும் 2024-லும் திருப்பூரின் நாடாளுமன்ற உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இதைச் சொல்வது அந்தக் கட்சியைக் கிண்டல் பண்ண அல்ல. தடை என்பது ஒரு கட்சியின் சாரத்தில் ஒட்டியிருக்கும் குணம் அல்ல, அது அரசுக்கும் அக்கட்சிக்கும் குறிப்பிட்ட காலத்தில் உள்ள உறவின் பெயர் என்பதைச் சொல்லத்தான். அன்று ‘தேசவிரோதி’ என்று கட்டமைக்கப்பட்டவன் பிறகு மாண்புமிகு உறுப்பினர். இடையில் மாறியது கட்சியும்தான், அரசும்தான்.

3

1967-ல் மேற்கு வங்கத்தின் நக்சல்பாரியில் எழுந்த பொறி தமிழகத்தில் பற்றிய முதல் இடங்களில் கோவையும் ஒன்று. மார்க்சிஸ்ட் கட்சியில் தொழிற்சங்கத் தலைவராக இருந்த கோவை எல்.அப்பு அதிலிருந்து வெளியேறினார். 1969 ஏப்ரல் 22 அன்று சி.பி.ஐ. (எம்.எல்.) உருவானபோது தமிழகத்தில் அதன் முன்னணித் தலைவரானார். 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தப்பட்டதன் கோபம் அன்றைய இளைஞர்களிடம் இருந்தது. பாராளுமன்றப் பாதையில் நியாயம் கிடைக்காது என்ற முடிவுக்கு அவர்கள் வந்ததைப் புரிந்துகொள்ள முடியாதவர்கள் அந்த ஆண்டுகளைப் பற்றிப் பேசாமல் இருப்பதே நல்லது.

ஆனால் சாரு மஜும்தாரின் பாதை வேறொன்றையும் கோரியது. தொழிற்சங்கம், வெகுஜன அமைப்பு எல்லாம் பொருளாதாரவாதம். அவற்றை விட்டுக் கிராமத்துக்குப் போ. வர்க்க எதிரியை அழித்தொழி. பஞ்சாலைச் சங்கங்களின் நெடிய பாரம்பரியம் கொண்ட நகரத்திலிருந்து வந்த ஒரு தொழிற்சங்கவாதியிடம், சங்கத்தை விட்டுவிடு என்றது கட்சி. இந்த முரணைப் பற்றி இயக்க வரலாறுகள் அதிகம் பேசுவதில்லை. தியாகத்தைப் பேசுவதில் காட்டும் அக்கறையை அவை திசைவழி குறித்துக் காட்டுவதில்லை. அப்பு 1970-ல் காணாமல் போனார். போலீஸ் பிடித்துக் கொன்றுவிட்டது என்பதே இயக்கத்தவர் அன்று முதல் சொல்லிவருவது. உடல் கிடைக்கவில்லை.

அதே 1970-ல், ஜூன் 19 அன்று, திருப்பூருக்குப் பக்கத்துப் பெருமாநல்லூரில் மின்கட்டண உயர்வை எதிர்த்துப் போராடிய விவசாயிகள் மீது போலீஸ் சுட்டது. மூன்று பேர் செத்தார்கள். அப்பு காணாமல் போனபோதும் பெருமாநல்லூரில் சுட்டபோதும் ஆட்சியில் இருந்தது ஒரே அரசு, தி.மு.க. அரசு. ஆனால் இரண்டு சாவுகளின் பின்கதையும் வேறுவேறு. பெருமாநல்லூரில் நினைவிடம் இருக்கிறது. வருடா வருடம் எல்லாக் கட்சிக்காரர்களும் வந்து மாலை போடுகிறார்கள். அந்தப் போராட்டத்தின் தொடர்ச்சியில் 1990-ல் பம்புசெட்டுக்கு இலவச மின்சாரமே வந்தது. தோட்டமும் கிணறும் உள்ள விவசாயியின் சாவை அரசு தன் வரலாற்றுக்குள் இழுத்துக்கொள்ள முடிந்தது. அவனுக்குச் சாதிச் சங்கம் இருந்தது, ஓட்டு இருந்தது, நிலம் இருந்தது. அப்புவுக்கு இதெல்லாம் எதுவும் இல்லை. அவரைப் போன்றவர்களின் சாவு ‘மோதல்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடங்கிவிடுகிறது. யாருடைய சாவுக்கு அழலாம், யாருடைய சாவுக்கு அழக்கூடாது என்று தீர்மானிப்பதும் அதிகாரத்தின் வேலைகளில் ஒன்று.

4

அரசின் எதிர்வினை மெல்ல ஒரு நிறுவனமாக இறுகியது. நக்சலைட்டுகளைக் கண்காணிக்கவென 1970களின் தொடக்கத்தில் உருவானது கியூ பிரிவு. 1980 ஏப்ரல் 22 அன்று கொண்டபள்ளி சீதாராமையா தலைமையில் மக்கள் யுத்தக் குழு உருவானது. கோதண்டராமன் தலைமையிலான தமிழகக் குழுவும் அதில் சேர்ந்தது. தர்மபுரி, வட ஆற்காடு மாவட்டங்களில் கந்துவட்டிக்கும் இரட்டைத் தம்ளருக்கும் எதிராக இளைஞர்கள் திரண்டார்கள். 1980 ஆகஸ்ட் 6 அன்று திருப்பத்தூரில் குண்டுவெடிப்பில் இன்ஸ்பெக்டர் பழனிச்சாமி இறந்தார். அவருடைய சின்ன மகள் அஜந்தாவின் பெயரை வைத்தே வேட்டைக்கு ‘ஆபரேஷன் அஜந்தா’ என்று பேரிட்டார்கள். தலைமை தாங்கியவர் வால்டர் தேவாரம். ஆண்டது எம்.ஜி.ஆர். பாலன் கைது செய்யப்பட்டு 1980 செப்டம்பர் 12 அன்று இறந்தார். அடித்தே கொன்றார்கள் என்பது இயக்கத்தவர் கூற்று. தொடர்ந்து ‘மோதல்’ சாவுகள். உண்மை அறியப் போன மனித உரிமைக் குழுவினரும் தாக்கப்பட்டார்கள்.

ஒரு குழந்தையின் பெயரை ஒரு வேட்டைக்கு வைப்பதில் உள்ள தந்திரத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அப்பாவை இழந்த அந்தக் குழந்தையின் துயரம் உண்மை. அதை யாரும் சின்னதாக்க முடியாது. ஆனால் அத்துயரத்தைத் தன்னுடையதாக ஆக்கிக்கொண்ட அரசு, சட்டத்துக்கு வெளியே நடந்த கொலைகளை ஒரு குடும்பத்தின் பழிதீர்ப்பாக மாற்றிக் காட்டியது. சட்டத்தின் ஆட்சி என்று சொல்லிக்கொள்கிற அமைப்பு, தேவைப்படும்போது ரத்த உறவின் மொழியைப் பேசுகிறது. கிராம்சி சொன்ன சம்மதம், வன்முறை என்ற இரண்டும் தனித்தனி அறைகளில் இருப்பதில்லை. ஒன்றின் கையில்தான் மற்றொன்று பிடித்திருக்கிறது.

2002 நவம்பரில் ஊத்தங்கரைப் பகுதியில் ஒருவர் சுட்டுக்கொல்லப்பட்டார். பெண்களும் சிறுவர்களும் உட்படப் பலர் மீது பொடா போடப்பட்டது. 2004 செப்டம்பரில் பொடா ரத்தானது. அதே மாதத்தில் அதன் முக்கியமான பிரிவுகள் சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்துக்குள், அதாவது ஊபாவுக்குள், குடிபுகுந்தன. அதே மாதம் 21-ம் தேதி மக்கள் யுத்தமும் மாவோயிஸ்ட் கம்யூனிஸ்ட் மையமும் இணைந்து மாவோயிஸ்ட் கட்சி உருவானது. தமிழக அரசு 2005-லும், ஒன்றிய அரசு 2009 ஜூன் 22 அன்றும் அதைத் தடைசெய்தன. வீரப்பனுக்காக அமைத்த அதிரடிப்படை வீரப்பன் செத்த பிறகும் கலையவில்லை. மேற்கு மலையில் மாவோயிஸ்டைத் தேடியது. ஒரு வேட்டைக்காக உருவாகிற எந்திரம் அந்த வேட்டை முடிந்தால் வீட்டுக்குப் போவதில்லை, அடுத்த வேட்டையைத் தேடிக்கொள்கிறது.

2016 நவம்பர் 24 அன்று நிலம்பூரில் குப்பு தேவராஜ், அஜிதா. 2019 அக்டோபர் கடைசியில் அட்டப்பாடியில் மணிவாசகம் உள்ளிட்ட நால்வர். சேலம் பக்கத்து ஆள் மணிவாசகம். அவருடைய இறுதிச் சடங்கில் முழக்கமிட்டவர்கள் மீதும் வழக்குப் பாய்ந்தது. கேரளத்தில் அப்போது ஆண்டது இடதுசாரி அரசு. அந்தக் கூட்டணியிலேயே இருந்த சி.பி.ஐ. இது போலி மோதல் என்று சொன்னது. சேலம் சிறையில் 22 பேரைப் பறிகொடுத்த கட்சிக்கு அந்த நினைவு முழுசாக அழிந்துவிடவில்லை என்றே இதை எடுத்துக்கொள்ள வேண்டும்.

5

இனிப் பனியன் கம்பெனிக்கு வருவோம். ‘அரை நிலப்பிரபுத்துவ, அரைக் காலனிய’ இந்தியா என்பதே இயக்கத்தின் அடிப்படைப் பிரதி. நிலப்பிரபுவும் பண்ணையாளும் எதிரெதிர் நிற்கும் கிராமம் அதன் களம். கொங்கு மண்ணில் பண்ணையம் இருந்தது, பண்ணையாள் இருந்தான், அவன் பெரும்பாலும் மாதாரியாக இருந்தான் என்பதெல்லாம் உண்மை. ஆனால் இங்கே நடந்த மாற்றம் அந்தப் பிரதிக்குள் அடங்கவில்லை. தோட்டத்தில் மம்பட்டி பிடித்த கவுண்டர் பனியன் கம்பெனிக்கு வேலைக்கு வந்தார், பிறகு நாலு மெஷின் போட்டார், பிறகு முதலாளியானார். ஷரத் சாரி திருப்பூர் பற்றி 2004-ல் வெளியிட்ட ஆய்வு இதை விரிவாகக் காட்டுகிறது. “நானும் உன்னை மாதிரி கஷ்டப்பட்டு மேல வந்தவன்தானப்பா” என்று சொல்கிற முதலாளி, சாருவின் அழித்தொழிப்புப் பட்டியலில் வரும் நிலப்பிரபு அல்ல. இந்த ‘உழைப்பு’ என்கிற சொல்லாடல்தான் இங்கே மூலதனத்தின் கருத்தியல். அதே உழைப்பை உழைத்த மாதாரி ஏன் முதலாளி ஆகவில்லை என்ற கேள்வியை அந்தச் சொல் கேட்கவே விடுவதில்லை.

1984-ல் பஞ்சப்படி கேட்டுத் திருப்பூர்த் தொழிலாளிகள் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். தமிழகத் தொழிலாளர் வரலாற்றின் பெரிய போராட்டங்களில் ஒன்று அது. அதற்கு முதலாளிகள் தந்த நீண்டகாலப் பதில் துப்பாக்கி அல்ல, காண்ட்ராக்ட். ஒரு கூரைக்கு அடியில் இருந்த வேலையைப் பிரித்து நிட்டிங் ஓரிடம், சாயம் ஓரிடம், கட்டிங் ஓரிடம், செக்கிங் ஓரிடம், எல்லாம் ஜாப் ஒர்க் என்று ஆக்கினார்கள். பீஸ் ரேட்டுக்குத் தைக்கிறவன் எந்த முதலாளியை எதிர்த்துக் கொடி பிடிப்பான்? சங்கத்தை உடைக்கத் தடைச் சட்டம் தேவைப்படவில்லை. தொழிற்சாலையையே உடைத்தால் போதுமானதாக இருந்தது. 1980-ல் தர்மபுரியில் அரசு செய்ததையும் 1984-க்குப் பிறகு திருப்பூரில் மூலதனம் செய்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். முன்னதில் உடல்கள் சிதறடிக்கப்பட்டன, பின்னதில் வேலை சிதறடிக்கப்பட்டது. முன்னதைப் பற்றி நம்மிடம் உண்மை அறியும் குழு அறிக்கைகள் உண்டு. பின்னதை அறிய நாம் குழு அனுப்பியதே குறைவு.

2005 ஜனவரி 1-ல் உலக ஜவுளி வர்த்தகத்தில் கோட்டா முறை முடிந்ததும் திருப்பூருக்கு ஆள் பற்றாமல் போனது. ஒடிசா, ஜார்க்கண்ட், பீகாரிலிருந்து இளைஞர்கள் வந்து இறங்கினார்கள். தன்பாத்திலிருந்து ஆலப்புழை போகும் ரயில் திருப்பூரில் நிற்கும்போது அந்தப் பிளாட்பாரத்தில் இறங்கும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ‘சிவப்புத் தாழ்வாரம்’ என்று அரசு பேர் வைத்த மாநிலங்களிலிருந்து வருகிறவர்கள் இவர்கள். 2009-க்குப் பிறகு ‘பசுமை வேட்டை’ என்று அறியப்பட்ட படை நடவடிக்கைகள் நடந்ததும் அம்மாநிலங்களில்தான். நகரத்தைச் சுற்றிவளைக்க வேண்டிய கிராமம் டிக்கெட் எடுத்து வந்து ஓவர்லாக் மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்கிறது. புரட்சியின் கோட்பாட்டாளர்கள் இதற்கு ஒரு அத்தியாயம் எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. அரசு மட்டும் தன் பங்குக்கு எழுதியது: வெளிமாநிலத் தொழிலாளியின் பேர், ஊர், ஆதார் எல்லாம் கம்பெனிகள் பதிந்து வைக்கட்டும் என்று. 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகாரிகள் தாக்கப்படுகிறார்கள் என்ற பொய் வீடியோக்கள் பரவித் தொழிலாளிகள் ஊர் திரும்பத் தொடங்கியபோது அரசும் முதலாளிகளும் பதறி ஓடி வந்து ஆறுதல் சொன்னார்கள். ஆள் போய்விட்டால் ஆர்டர் போய்விடும். தொழிலாளி இங்கே ஒரே நேரத்தில் சந்தேகத்துக்குரியவனாகவும் தவிர்க்க முடியாதவனாகவும் இருக்கிறான்.

6

சாதி பற்றிய கேள்வியையும் ஒதுக்கிவிட முடியாது. இரட்டைத் தம்ளரை எதிர்த்த இயக்கம் வேர்விட்ட அதே நாயக்கன்கொட்டாய்ப் பகுதியில்தான் 2012 நவம்பர் 7 அன்று நத்தம் உள்ளிட்ட தலித் குடியிருப்புகள் கொளுத்தப்பட்டன. பாலனின் மண்ணில் இது எப்படி நடந்தது? ‘வர்க்கம் ஜெயித்தால் சாதி தானாகப் போகும்’ என்ற நம்பிக்கை வெந்துபோனது அன்றைக்குத்தான். திருப்பூர் மாவட்டம் உடுமலையில் 2016 மார்ச் 13 அன்று பட்டப்பகலில் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டார். சாதி மாறிக் கல்யாணம் செய்தது குற்றம். ஊரே பார்த்திருக்க, ஒரு சமூகத்துக்கே அச்சமூட்டுவதற்காகச் செய்யப்பட்ட கொலை அது. ஆனால் ‘பயங்கரவாதம்’ என்ற சொல்லை அரசு அங்கே எடுக்கவில்லை. ஊபா அங்கே வரவில்லை. அங்கேயும் ஊபா போடு என்று நாம் கேட்கவில்லை. எந்த வன்முறைக்கு எந்தப் பெயர் என்று தீர்மானிக்கிற உரிமை யாரிடம் இருக்கிறது என்றுதான் கேட்கிறோம்.

இதைச் சொல்லும்போது மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். 2010 ஏப்ரல் 6 அன்று தண்டேவாடாவில் 76 பாதுகாப்புப் படையினர் கொல்லப்பட்டனர். ‘உளவாளி’ என்று முத்திரை குத்தி ஏழை ஆதிவாசிகளையே கட்சி கொன்றிருக்கிறது. விசாரணையில்லாக் கொலையை அரசு செய்தால் பயங்கரவாதம், கட்சி செய்தால் மக்கள் தீர்ப்பு என்று பேசுவது நேர்மையல்ல. ஆந்திரத்தில் கே.பாலகோபால் இந்தக் கேள்வியைத் தோழர்களிடமே கேட்டார். அதற்காகத் தான் வளர்த்த அமைப்பிலிருந்து பிரிந்து 1998-ல் மனித உரிமை மேடையை உருவாக்கினார். அரசைக் கேள்வி கேட்கும் தகுதியை அதனால் அவர் இழக்கவில்லை. அந்தத் தகுதி கூடியது என்பதே என் கருத்து.

7

மறுபடியும் கருமத்தம்பட்டி. ஷைனா மூன்றாண்டுக்கு மேல் சிறையில் இருந்து 2018 ஆகஸ்டில் ஜாமீனில் வந்தார். ரூபேஷ் மீதான மூன்று ஊபா வழக்குகளை 2022 மார்ச்சில் கேரள உயர் நீதிமன்றம் விலக்கியது. வழக்குத் தொடர அரசு அனுமதி தரச் சட்டவிதிகள் வைத்த கெடு மீறப்பட்டது என்பது காரணம். வேறொரு வழக்கில் 2024 ஏப்ரலில் கொச்சி என்.ஐ.ஏ. நீதிமன்றம் அவருக்குப் பத்தாண்டு தண்டனை கொடுத்தது. இதற்கிடையில் 2023 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம், தடைசெய்யப்பட்ட அமைப்பில் உறுப்பினராக இருப்பதே குற்றம், வன்முறையில் ஈடுபட்டிருக்க வேண்டியதில்லை என்று சொல்லித் தன் 2011 தீர்ப்புகளைத் திருப்பிப் போட்டது. 1952-ல் வி.ஜி.ராவ் திறந்த கதவுக்கு 2023-ல் உள்பக்கமாகத் தாழ்ப்பாள் போடப்பட்டது என்று இதைப் படிக்கலாம்.

2025 மே 21 அன்று அக்கட்சியின் பொதுச்செயலாளர் பசவராஜு சத்தீஸ்கரில் கொல்லப்பட்டார். தலைவர்கள் பலர் சரணடைந்தார்கள். 2026 மார்ச் 31-க்குள் எல்லாம் முடியும் என்று ஒன்றிய உள்துறை அமைச்சர் கெடு வைத்தார். ஒரு கட்சியை முடித்து வைக்கலாம். அதைத் தடைசெய்யவென உருவான சட்டங்கள், பிரிவுகள், கோப்புகள் எதற்கும் யாரும் கெடு வைக்கவில்லை. வீரப்பனுக்குப் பிறகு அதிரடிப்படைக்கு நேர்ந்ததே இவற்றுக்கும் நேரும். நாளைக்கு அந்தக் கோப்பில் யார் பேர் இருக்கும்? எட்டு மணி நேர வேலை கேட்டு நோட்டீஸ் ஒட்டும் ஜார்க்கண்ட்காரன் பேராக இருக்கலாம். அவனுக்குத் தமிழ் தெரியாது, அவன் மொழி ஸ்டேஷனுக்குத் தெரியாது. அவன் ஊர்ப் பேரே போதுமான சாட்சியமாக இருக்கும்.

எனவே நம் முன்னால் உள்ள வேலைகள் ரொம்பவும் சாதாரணமானவை. கோவை, திருப்பூர், ஈரோடு நீதிமன்றங்களில் உள்ள ஊபா வழக்குகளை ஒவ்வொன்றாக எடுத்து யார், எத்தனை நாள் உள்ளே இருந்தார்கள் என்று பட்டியல் போட வேண்டும். 127 நாள் வேலைநிறுத்தத்தில் இருந்தவர்களில் உயிரோடு இருப்பவர்களிடம் பேசிப் பதிவுசெய்ய வேண்டும். அப்புவின் தொழிற்சங்க ஆண்டுகளைப் பற்றித் தனியாக எழுதப்பட வேண்டும். அவருடைய சாவைப் பற்றி நிறையப் பேசிவிட்டோம். அவர் சங்கத்தில் என்ன செய்தார், எதை விட்டுவிட்டுப் போனார் என்பது இன்னும் நம்மிடம் எழுத்தில் இல்லை. இந்தி, ஒடியா தெரிந்த தோழர்கள் பிளாட்பாரத்துக்குப் போக வேண்டும். இக்குறிப்புகள் மீது திருப்பூர், கோவைத் தோழர்கள் எழுதும் மறுப்புகளையும் திருத்தங்களையும் எதிர்பார்க்கிறேன்.